பழைய கூட்டிலிருந்து ஒரு பிடி

விலங்குக்கூடத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கிற உங்களிடம் முதலிலேயே ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் ஒரு சுத்தப் பைத்தியம். வீட்டில் என் கணவர் கடைசி வாய் தோசையை விழுங்குவதற்குள் தட்டைக் கழுவப் பிடுங்கிவிடுவேன். இன்னொரு தோசை கேட்கலாம் என்று நினைத்த மனிதர் பேசாமல் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்துவிடுவார். இந்தக் குணத்தோடு நான் இருபது வருடத்துக்கு மேல் ஒரு விலங்குக்கூடத்தை நடத்தினேன். அதனால் விளைந்த நன்மைகளைப் பற்றி என் பிரிவுபசார விழாவில் வேண்டிய மட்டும் பேசிவிட்டார்கள். விளைந்த கேட்டை நான்தான் சொல்ல வேண்டும்.

கோவைக்கு வெளியே, மேட்டுப்பாளையம் சாலையில் இருந்து உள்ளே தள்ளி இருந்தது எங்கள் ஆராய்ச்சி நிலையம். மருந்துகளைப் பரிசோதிக்கிற இடம். நான் கால்நடை மருத்துவர், கூடத்தின் பொறுப்பாளர். எங்களிடம் முயல்களும் இருந்தன என்றாலும், பெரும்பகுதி வெள்ளைச் சுண்டெலிகள்தான். அவற்றின் கூண்டு என்பது ஒரு பிளாஸ்டிக் தொட்டி, மேலே கம்பி மூடி, தலைகீழாகச் செருகிய ஒரு தண்ணீர் பாட்டில். அடியில் உமி பரப்பி, நாலைந்து காகிதத் துண்டுகள் போடுவோம். எலிகள் அந்தக் காகிதத்தைப் பல்லால் கிழித்து, ஒரு மூலையில் குவித்து, நடுவில் பள்ளம் செய்து, அதற்குள் ஒன்றின்மேல் ஒன்றாகப் படுத்துத் தூங்கும். அதைத்தான் நாங்கள் கூடு என்போம்.

திங்களும் வியாழனும் கூண்டு மாற்றும் நாள். எலிகளைப் புதுக் கூண்டுக்கு மாற்றி, பழைய கூண்டில் இருக்கும் எல்லாவற்றையும் கொட்டி, வெந்நீரில் கழுவ வேண்டும். இதைச் செய்தவர் சரசக்கா. என்னைவிட இரண்டு வயது மூத்தவர் என்பதால் அக்கா. அவிநாசிப் பக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருவார். குடும்பமே காட்டு வேலைக்கு, அதாவது அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போனது, இவர்தான் முதலில் கதவும் மின்விசிறியும் உள்ள வேலைக்கு வந்தவர். ஒப்பந்த ஊழியர், வருடா வருடம் புதுப்பிப்பார்கள். அதிகம் பேச மாட்டார். எதைச் சொன்னாலும் "சரிங்க மேடம்" என்பார்.

ஒரு வருடம் ஆய்வுக்கு வந்த அதிகாரிகள் எங்கள் கூடத்தைப் பார்த்துவிட்டு, மூக்கைப் பொத்தாமல் நடக்க முடிகிற இடம் இது ஒன்றுதான் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவ்வளவுதான், எனக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த நாளிலிருந்து நான் ஒவ்வொரு கூண்டாகக் குனிந்து பார்க்கத் தொடங்கினேன். ஒரு வியாழக்கிழமை, ஆண் எலிகள் இருக்கும் அறையில், அப்போதுதான் மாற்றிய கூண்டுகளில் பளிச்சென்ற புது உமியின் மேல் ஒரு பிடி பழைய காகிதக் குப்பை கிடந்தது. ஒரு கூண்டில் இல்லை, எல்லாக் கூண்டிலும்.

"என்னங்க சரசக்கா இது?"

"பழைய கூடுங்க மேடம். கொஞ்சூண்டு எடுத்துப் போடறதுங்க."

"கழுவின கூண்டுல குப்பையைத் திருப்பிப் போட்டா எதுக்குங்க கழுவறது? எத்தனை நாளா நடக்குது?"

நான் அவரைப் பேசவே விடவில்லை என்பதுதான் உண்மை. வேலையில் அலட்சியம் என்று எழுத்து மூலமாக ஒரு மெமோ கொடுத்தேன். இனி ஒரு துரும்புகூடப் பழைய கூண்டிலிருந்து புதுக் கூண்டுக்குப் போகக் கூடாது என்று அறைக் கதவில் ஒட்டினேன். சரசக்கா மெமோவை வாங்கி, நாலாக மடித்து, ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டு, "சரிங்க மேடம்" என்றார்.

அந்த மாதம்தான் நஸ்ரின் தன் சோதனையைத் தொடங்கியிருந்தாள். கோட்டைமேட்டுப் பெண். அப்பாவுக்கு உக்கடத்தில் பழைய இரும்பு வியாபாரம். அவர்கள் வீட்டில் பட்டப்படிப்பைத் தாண்டிய முதல் ஆள். மலையில் கிடைக்கிற ஒரு செடியின் சாறு மனப் பதற்றத்தைத் தணிக்கிறதா என்பது அவளுடைய முனைவர் பட்டக் கேள்வி. பாதி எலிகளுக்குச் சாறு, பாதிக்கு வெறும் தண்ணீர். எந்தக் கூண்டுக்கு எது என்பது அவளுக்கும் தெரியாது. ஒரு சங்கேத எண்ணாக உறையில் போட்டு ஒட்டி என் அலமாரியில் பூட்டியிருந்தது. கடைசியில் எலியை ஒரு உயரமான பலகையில் விடுவார்கள். அது கூட்டல் குறி போல நான்கு பக்கம் நீண்டிருக்கும். இரண்டு பக்கம் சுவர் உண்டு, இரண்டு பக்கம் திறந்தவெளி. பயந்த எலி சுவருக்குள்ளேயே ஒடுங்கும், நிம்மதியாக இருக்கிற எலி வெளியே வந்து எட்டிப் பார்க்கும்.

மூன்றாவது வாரம் அவள் என் அறை வாசலில் வந்து நின்றாள். ஏழெட்டு எலிகளின் முதுகிலும் வால் அடியிலும் கடித்த காயம். கையில் எடுத்தாலே துள்ளிக் குதிக்கின்றன என்றாள். பலகைச் சோதனையில் ஒன்றுகூட வெளியே வரவில்லை. சாறு குடித்ததோ தண்ணீர் குடித்ததோ, எல்லாமே ஒரே மாதிரி மூலையில் நடுங்கிக்கொண்டிருந்தன.

நான் என்ன செய்தேன் தெரியுமா? எலிகளைக் கொடுத்த பண்ணையைத் திட்டினேன். தீவனத்தை மாற்றினேன். கடைசியில் நஸ்ரினையே குறை சொன்னேன். "உன்ற கை நடுங்குது அம்மணி, அது எலிக்குத் தெரியாதா?" என்று கேட்டேன். அவள் கண் கலங்கிவிட்டது. அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியர் சோதனையை நிறுத்தச் சொன்னார். காயம்பட்ட எலிகளின் கணக்கு எதற்கும் உதவாது. சோதனையில் சேர்த்த எலிகளை வேறெதற்கும் பயன்படுத்த முடியாது, ஊசி போட்டு முடித்தோம்; அத்தனையும் ஒரு பதிலும் தராமல் செத்தன. உயிர்களை வைத்து வேலை செய்கிற நமக்கு அதைவிடப் பெரிய தோல்வி வேறு இல்லை.

நெறிமுறைக் குழு, அதாவது எதற்கு எத்தனை விலங்கு தரலாம் என்று முடிவு செய்கிறவர்கள், இன்னொரு தொகுதிக்கு அனுமதி கொடுத்தார்கள். இதுதான் கடைசி என்று எழுதியே கொடுத்தார்கள். நஸ்ரினின் உதவித்தொகையும் அந்தத் தொகுதி முடிகிற சமயத்தில் முடிகிறது. இதுவும் கெட்டால் அவளுடைய மூன்று வருட உழைப்புக்கு ஒரு பதிலும் இல்லாமல் போய்விடும்.

புது எலிகள் வந்ததும் அவள் செய்த காரியம் எனக்கு முதலில் வேடிக்கையாக இருந்தது. ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு அந்த அறையிலேயே உட்கார்ந்துவிட்டாள். காலையில் வந்தால் மாலை வரை. மருந்து கொடுப்பதை இன்னும் தொடங்கவே இல்லை. ஒரு வாரம் கழித்து வந்து சொன்னாள்.

"மேடம், திங்கக்கெழமையும் வியாழக்கெழமையும் மத்தியானந்தானுங்க சண்டை. மத்த நாளெல்லாம் அதும்பாட்டுக்குத் தூங்குதுங்க."

திங்களும் வியாழனும் கூண்டு மாற்றும் நாள் என்பதை நான் உங்களுக்கு முன்பே சொல்லிவிட்டேன். எனக்கு அதை ஒருவர் சொல்ல வேண்டியிருந்தது. இத்தனை வருடத்தில் கூண்டு மாற்றி முடித்ததும் சுத்தமாக இருக்கிறதா என்று பார்ப்பேன், கையெழுத்துப் போடுவேன், போய்விடுவேன். அதற்குப் பிறகு அந்தக் கூண்டுக்குள் என்ன நடக்கிறது என்று ஒரு நாளும் நின்று பார்த்ததில்லை.

அடுத்த வியாழன் நானும் ஒரு ஸ்டூலைப் போட்டேன். சரசக்கா நான் சொன்னபடியே சுத்தமான கூண்டில் ஐந்து ஆண் எலிகளை இறக்கினார். அவை தூங்கப் போகவில்லை. சுவரோரமாக ஓடின, முன்னங்காலைத் தூக்கி நின்று மோந்தன. மறுபடி ஓடின. அரை மணி கழித்து ஒன்று இன்னொன்றைப் பின்னாலிருந்து கடித்தது. கீச்சென்ற சத்தம். அதுவரை ஒன்றின்மேல் ஒன்று படுத்துத் தூங்கிய அண்ணன் தம்பிகள், பிறந்ததிலிருந்து ஒன்றாக வளர்ந்தவை, முன்பின் தெரியாதவர்கள் போல அடித்துக்கொண்டன.

"முன்னெல்லாம் இப்படி இல்லீங்களே, சரசக்கா?" என்றேன்.

அவர் ஈரக் கையை முந்தானையில் துடைத்தார். "முன்னெல்லாம் நானு பழைய கூடு கொஞ்சம் போட்டுப்போடுவனுங்க. நீங்கதானுங்க வேண்டாம்னு சொல்லிப்போட்டீங்க."

எனக்குக் காது சூடாகிவிட்டது.

"ஏனுங்க, ஏன் போடறீங்கன்னு அன்னைக்கே சொல்லியிருக்கலாமில்லீங்க?"

"நீங்க டாக்டருங்க, உங்களுக்குத் தெரியாததுங்களா?" என்றார். அதில் கிண்டலே இல்லை என்பதுதான் எனக்கு இன்னும் உறைத்தது.

பிறகு நான் கேட்கக் கேட்கச் சொன்னார். "நாங்க காட்டு வேலைக்கு ஊரு ஊராப் போனவங்கங்க. புது ஊட்டுல மொத ரெண்டு நாளைக்குக் கொழந்தைக தூங்காதுங்க, அழுதுட்டே கெடக்கும். பழைய போர்வையைப் போட்டு உட்டா தூங்கிப்போடும். அதேதானுங்க. ஆனா உமியை எடுக்கப்படாதுங்க மேடம். ஒருவாட்டி ஈர உமியை எடுத்துப் போட்டுப் பாத்தனுங்க, இன்னும் சாஸ்தியா அடிச்சுக்கிச்சு. மூத்தர வாசம் வேற, தூங்கற எடத்து வாசம் வேறங்க. காஞ்ச கூடு மட்டும் ஒரு பிடி போதுங்க."

நான் புத்தகத்தில் படித்தவள். எலிக்கு உலகமே வாசம்தான் என்பதைப் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவள். ஆனால் வாசத்தையெல்லாம் கழுவி விட்டால் அதற்கு வீடே இல்லாமல் போகும் என்று எனக்குத் தோன்றவில்லை. எனக்கு வாசம் என்றால் ஆய்வுக்கு வருகிறவர்களின் மூக்கு மட்டும்தான். சரசக்கா ஈர உமியையும் காய்ந்த கூட்டையும் தனித்தனியாகப் போட்டுப் பார்த்திருக்கிறார். எங்கள் நிலையத்தில் ஒழுங்காக நடந்த ஆராய்ச்சிகளில் அதுவும் ஒன்று. அதற்குத்தான் நான் மெமோ கொடுத்தேன்.

இங்கே உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நம் பக்கத்து மரியாதை இருக்கிறதே, அது கேட்க இனிமையானது, வேலையிடத்தில் கொஞ்சம் ஆபத்தானது. "சரிங்க" என்ற ஒரு சொல்லுக்குள் சம்மதமும் இருக்கும், பத்து மறுப்பும் இருக்கும். சட்டென்று "சரிங்க" வந்தால் நீங்கள் அங்கேயே நின்று, "ஏனுங்க, வேற ஏதாச்சும் தோணுதுங்களா?" என்று ஒரு முறை கேளுங்கள். நான் கேட்காமல் போனதன் விலையை அந்த முதல் தொகுதி எலிகள் கொடுத்தன.

அன்றைக்கே கதவில் ஒட்டியதைக் கிழித்தேன். மெமோவை ரத்து செய்து, அது என் தவறு என்று எழுதி, சரசக்காவின் கோப்பில் சேர்த்தேன். அவரிடம் படித்தும் காட்டினேன். "அதையெல்லாம் உடுங்க மேடம், கூண்டு காயுது பாருங்க" என்று நகர்ந்துவிட்டார். இரண்டு வாரம் எலிகளைச் சும்மா இருக்கவிட்டோம். திங்களும் வியாழனும் ஒரு பிடி பழைய கூடு போனது. காயங்கள் ஆறின. புதிதாக ஒன்றும் வரவில்லை. கூண்டு மாற்றிய கால் மணிக்குள் ஐந்தும் ஒரே குவியலாகப் படுத்துவிடுவதைப் பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. நஸ்ரின் சோதனையை மறுபடி தொடங்கினாள்.

எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தபோது இயக்குநரிடமிருந்து ஃபோன் வந்தது. நாளை ஆய்வுக் குழு வருகிறது. "மேடம், போன தடவை மாதிரியே பளிச்சுன்னு இருக்கோணும். எல்லாக் கூண்டையும் இன்னைக்கே மாத்திப்போடுங்க" என்றார்.

இது எங்கள் வழக்கம். யார் வந்தாலும் முந்தின நாள் எந்தக் கிழமையாக இருந்தாலும் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கழுவிவிடுவோம். வழக்கத்தை ஏற்படுத்தியவளே நான்தான். அன்று புதன்கிழமை. மறுநாள் காலையில் அதிகாரிகள் வருகிறார்கள், அதே மறுநாள் மத்தியானம் நஸ்ரினின் பலகைச் சோதனை தொடங்குகிறது. சோதனை முடியும்வரை அந்த அறையில் கூண்டு மாற்றுவதில்லை என்று அந்த வியாழனை மட்டும் மூன்று நாள் தள்ளிவைத்திருந்தோம். இப்போது மாற்றினால், பழைய கூடு போட்டாலும், எலிகளுக்கு அது ஒரு கலவரம்தான். சோதனைக்கு முந்தின நாள் வீடு மாற்றிய எலி பலகையில் எதைக் காட்டினாலும் அது மருந்தினாலா, மாற்றியதாலா என்று யாராலும் சொல்ல முடியாது. மாற்றாவிட்டால் அந்த அறையில் வாசம் வரும். கூடத்தின் பதிவைப் புதுப்பிக்க அந்த வருடம் அந்தக் குழுவின் கையெழுத்துதான் வேண்டும்.

நான் அந்த அறைக்குப் போய்க் கூண்டுகளுக்கு மேல் முகத்தை வைத்துப் பார்த்தேன். மூத்திர நெடியில் கண் எரிகிறதா என்பதுதான் கேள்வி. கண் எரிந்தால் எலிக்கும் எரியும், அப்புறம் யோசிக்க ஒன்றுமில்லை, வாளியைத் தூக்க வேண்டியதுதான். எரியவில்லை. உமி காய்ந்துதான் இருந்தது. எலி வாசம் வந்தது, அவ்வளவுதான். வாசலில் சரசக்கா வெந்நீர் வாளியோடு நின்றார். அவருக்குப் பின்னால் நஸ்ரின் நின்றாள். அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"என்னங்க செய்யலாம்?" என்று சரசக்காவைக் கேட்டேன்.

"சரிங்க, மாத்திப்போடலாமுங்க" என்றார்.

"அது என்ற காதுக்குச் சொல்றீங்க. நெசமா என்ன தோணுதுன்னு சொல்லுங்க."

அவர் நஸ்ரினைப் பார்த்தார், கூண்டுகளைப் பார்த்தார். "தூங்கறதை எழுப்ப வேண்டாமுங்க மேடம்."

முயல் அறை, பெண் எலி அறை, நடைபாதை எல்லாவற்றையும் கழுவினோம். அந்த ஓர் அறையை மட்டும் தொடவில்லை. இயக்குநருக்கு ஃபோன் செய்து சொன்னேன். அவர் "உங்க பொறுப்புங்க" என்று வைத்துவிட்டார்.

மறுநாள் வந்த இருவரில் மூத்தவர் அந்த அறை வாசலிலேயே நின்று மூக்கைச் சுருக்கினார். "ஏனுங்க டாக்டர், உங்க கூடத்துலயே இப்படி வாசம் வருதுங்களே?" நான் காரணத்தைச் சொன்னேன். கூண்டு மாற்றும் பதிவேட்டையும் காயங்களின் பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். மெமோ கொடுத்த தேதியிலிருந்து காயங்கள் ஏறியதும், அது ரத்தான தேதியிலிருந்து இறங்கியதும் யார் பார்த்தாலும் தெரியும். அவர் பொறுமையாகப் பார்த்தார், ஒரு கூண்டை லேசாக இழுத்து உள்ளே தூங்குகிற குவியலையும் பார்த்தார். பதிவைப் புதுப்பித்தார். ஆனாலும் குறிப்பில், ஆண் எலி அறையில் வாசம் இருக்கிறது, கூண்டு மாற்றுவதில் தாமதம் என்று எழுதினார். என் பணிக்காலத்தில் எனக்குக் கிடைத்த ஒரே பாதகமான குறிப்பு அது. கீழே கையெழுத்துப் போடும்போது வலித்தது, மறைப்பானேன்.

அன்று மத்தியானம் தொடங்கி மூன்று நாள் பலகைச் சோதனை நடந்தது. எலிகள் சுவரைவிட்டு வெளியே வந்தன, விளிம்பில் நின்று எட்டிப் பார்த்தன, மீசையை ஆட்டின. திறந்த பக்கம் இரண்டிலும் வந்தவற்றின் எண்ணிக்கை நன்றாகவே இருந்தது. நான்காவது நாள் பூட்டிய அலமாரியைத் திறந்து உறையைக் கிழித்தோம். நஸ்ரின் எண்களை இரண்டு பத்தியாக எழுதிக்கொண்டே போனாள். பாதியில் அவள் பேனா நின்றது. சாறு குடித்த எலிகளும் தண்ணீர் குடித்த எலிகளும் ஒரே அளவு நிம்மதியாக இருந்தன. அந்தச் செடியால் ஒரு பயனும் இல்லை.

இதற்காகவா பாதகக் குறிப்பு வாங்கினேன் என்று ஒரு நிமிடம் எனக்கே ஆத்திரம் வந்தது. அவள் அழப்போகிறாள் என்று நினைத்துத் தண்ணீர் எடுத்து வைத்தேன். அவள் தாளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மெதுவாகச் சிரித்தாள்.

"வெறுந்தண்ணி குடிச்சதே இத்தனை நிம்மதியா இருக்குதுங்க மேடம். அதுக்கு மேல மருந்து என்னங்க பண்ணும்?"

பேராசிரியருக்கு முகம் விழுந்துவிட்டது. "இதை வெச்சு என்ன எழுதறதும்மா?" என்றார்.

"நடந்ததை எழுதறனுங்க சார்" என்றாள் நஸ்ரின். "'இல்லை'ங்கறதுதான் பதில்னு தெரியுதுங்க. முன்னால அதுகூடத் தெரியலீங்களே."

எழுதினாள். முதல் தொகுதி எப்படிக் கெட்டது, இரண்டாவது எப்படித் தேறியது என்று தனியாக ஓர் அத்தியாயம். மற்றதைவிட அதுதான் நன்றாக வந்திருந்தது. பழைய கூட்டிலிருந்து ஒரு பிடி எடுத்துப் போடும் முறையைக் கண்டுபிடித்தவர் என்று சரசக்காவின் முழுப்பெயரையும் போட்டிருந்தாள். அச்சுக்குப் போகும் முன் என்னிடம் படிக்கக் கொடுத்தாள். முதல் தொகுதி பற்றிய பக்கத்தில், நிர்வாகக் காரணங்களால் அந்த முறை இடையில் நிறுத்தப்பட்டது என்று ஒரு வரி இருந்தது. நல்ல வளர்ப்பு. என் மனம் நோகக் கூடாதென்று யோசித்து யோசித்து எழுதிய வரி.

நான் பேனாவை எடுத்து 'நிர்வாகக் காரணங்களால்' என்பதை அடித்தேன். மேலே, 'விலங்குக்கூடப் பொறுப்பாளர் காரணம் கேட்காமல் பிறப்பித்த உத்தரவால்' என்று எழுதிக் கொடுத்தேன்.

"இப்படியே அச்சுக்குப் போகட்டுங்களா மேடம்?" என்று கேட்டாள்.

"போகட்டும் கண்ணு. நீ நடந்ததைத்தானே எழுதறே" என்றேன்.